கவிழ்ந்த சட்டம் கற்பித்த பாடம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் பாட்டிமார். நாமோ அந்தப் பழமொழிக்கும் விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டோம்!

நான் இயற்பியல் முதுகலை மாணவன். ஈர்ப்பு மையம் எங்கே என்று தாளில் நூறு முறை கணக்கிட்டவன். அதைக் கண்ணால் கண்டதோ சென்ற பருவத்தில், பொறியியல் முதலாண்டு மாணவர் ஐவரிடம்.

விடுதி உணவுக்கூடத்தில் தண்ணீர்க் கேனைத் தூக்கிச் சாய்த்து முதுகு நொந்த பெரியவருக்காக, அவர்கள் ஒரு சாய்வுச் சட்டம் செய்தனர். கேனைச் சாய்த்ததும் சட்டமும் கவிழ்ந்தது. 20 லிட்டர் நீர் என்றால் 20 கிலோ எடை. அது முன்கால்களைத் தாண்டிப் போய்விட்டது. ஏன் என்று அறிய, அவர்களே பாடநூலைத் தேடிப் போயினர்; அடியை அகலமாக்கினர். இரண்டாம் சட்டம் கவிழவில்லை, பெரியவருக்கு எட்டவுமில்லை! மேசையை அளந்தவர்கள் மனிதரை அளக்க மறந்திருந்தனர். கால்களை அறுத்துக் குறைத்தனர். அதன் பின்னரே அது பயன்பட்டது.

ஐவரில் ஒருவன் நம் தமிழ்த் தம்பி. வந்த முதல் மாதம், "ஊருக்கே போய்விடுகிறேன், அண்ணா" என்று என் அறையில் அழுதவன். அவனுக்கு இந்தி தெரியாது. பட்டறை மிஸ்திரிக்குத் தமிழ் தெரியாது. இரம்பம் பிடித்த அவன் கையை அவர் பிடித்துத் திருத்தினார். இன்று அவன் ஊர்ப்பேச்சை எடுப்பதில்லை.

பட்டறைப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். 2018இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்திலும் முதலாண்டுக்கு அது உண்டு. ஆனால் எல்லாரும் ஒரே இரும்புத் துண்டை ஒரே அளவுக்கு அராவினால் போதுமா? யாருக்காக அராவுகிறோம் என்று அறிய வேண்டாமா?

முதலாண்டு மாணவனுக்கு என்ன தெரியும், கணிதம் முடியட்டும் என்பாரும் உளர். கணிதம் வேண்டியதே. ஆனால் எல்லாம் கற்ற பிறகே கை வைக்க வேண்டும் என்பது சரியன்று. 1968இல் பிறந்த ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் பி. கே. சேத்தி எலும்பை அறிந்தவர். அதிகம் பள்ளி செல்லாத கைவினைஞர் இராமச்சந்திர சர்மா பொருளை அறிந்தவர். தரையில் குந்தவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் ஏற்ற கால், இருவர் அறிவும் கூடியபோதுதான் கிடைத்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். முதலாண்டில் ஒரு பருவம். ஐவர் கொண்ட குழு. கண்முன் உள்ள ஒருவரின் தேவை. தோற்ற வடிவத்தைக் குறிப்பேட்டில் நேர்மையாக எழுதினால் அதற்கும் மதிப்பெண் தருக. பெண்கள் அறிக்கை எழுத, ஆண்கள் கருவி பிடிக்க என்ற பங்கீடு வேண்டா. முறை வைத்து எல்லாரும் எல்லாம் செய்க.

தம்பிகளே, தங்கைகளே! உங்களுக்கும் ஒரு சொல். தமிழர் ஐவராகவே ஒரு குழு சேராதீர்கள். தமிழ் பேச மாலையில் நம் சங்கம் இருக்கிறது. பகலில் பட்டறையில் எல்லா மொழியாரோடும் தோள் கொடுங்கள்.