மக்கள் எழுதிய சட்டம் எங்கே?

பொதுஜனங்களை ஆட்சியிற் பங்குகொள்ளச் செய்கின்றோம் என்று மார்தட்டாத சர்க்கார் இன்று உலகத்தில் மிகச் சிலவே. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறப்பது, “உங்கள் கருத்தைக் கூறுங்கள்” என்று எழுதிவைப்பது, வந்து குவிந்தவற்றின் தொகையை எண்ணிப் பத்திரிகைகளுக்கு அறிவிப்பது, பிறகு முன்னரே தீர்மானித்து வைத்ததை நிறைவேற்றுவது. இதற்குப் பெயர் ஜனநாயகமாம்! பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு பரிமாறாதவனை விருந்தளித்தவன் என்று யாரேனும் புகழ்வரா?

மற்றொரு கூட்டத்தாரும் உளர். முகநூலில் வம்பளந்தும் வதந்தி பரப்பியும் திரிகின்ற பாமரருக்கு அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை உண்டு என்பது இம்மேதாவிகளின் கேள்வி. இவ்விரு சாராருக்கும் ஐஸ்லாந்திலே விடை இருக்கின்றது. அதனைச் சற்று விரித்தே சொல்லவேண்டும்.

2008ஆம் ஆண்டில் அத்தீவின் ஜனத்தொகை மூன்றேகால் லட்சத்துக்கும் குறைவு. அவ்வாண்டு அக்டோபரில் அந்நாட்டின் மூன்று பெரிய பாங்குகளும் ஒரே வாரத்துக்குள் சரிந்து விழுந்தன. மக்கள் சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு சட்டசபை வாசலில் நின்றனர். 2009 ஜனவரியில் மந்திரிசபை கவிழ்ந்தது. நாட்டின் அரசியல் சட்டமோ, 1944இல் டென்மார்க்கை விட்டுப் பிரிந்தபொழுது, பழைய சட்டத்தில் மன்னர் இருந்த இடத்தில் ஜனாதிபதியை வைத்து அவசரத்தில் ஒப்பேற்றியது. அதைப் புதிதாக எழுதவேண்டும் என்ற குரல் எழுந்தது.

2010 நவம்பரில், குலுக்கல் முறையில் எடுக்கப்பட்ட 950 பேர் தலைநகரான ரெய்க்ஜாவிக்கில் கூடி, புதிய சட்டத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்று விவாதித்தனர். அதே மாதத்தில், சட்டத்தை வரைவதற்கென்று 25 பேரை நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்தனர். போட்டியிட்டவர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர். சட்டசபை அங்கத்தினர் போட்டியிடலாகாது என்பது விதி. ஓட்டுச்சீட்டிலும் மறைப்புத் தட்டியிலும் குறை கண்டு உச்சநீதிமன்றம் அத்தேர்தலை ரத்துச் செய்தது. எனினும் சட்டசபை அவர்களையே ஒரு குழுவாக நியமித்தது. ஒருவர் மட்டும் விலக, அடுத்து நின்றவர் வந்தார். போதகர், விவசாயி, மருத்துவர், பேராசிரியர் எனப் பலதரத்தாரும் அதில் இருந்தனர்.

2011 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை இவர்கள் செய்த வேலை கவனிக்கத்தக்கது. எழுதிய பகுதிகளை அரைகுறையாக இருக்கும்போதே இணையத்தில் வெளியிட்டனர். முகநூல், டுவிட்டர், யூடியூப் ஆகிய எல்லாவற்றிலும் மக்களுடன் பேசினர். உத்தேசம் 3,600 கருத்துரைகளும் 370 யோசனைகளும் வந்தன. எதைக் கண்டு மேதாவிகள் அஞ்சினரோ அந்த வசைமாரி அங்கே பொழியவில்லை. வந்தவற்றில் விஷயம் இருந்தது என்று குழுவினரே ஒப்புக்கொண்டனர். 114 விதிகள் கொண்ட நகல் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. இருபத்தைந்து வழக்கறிஞர்களைக் கூட்டியிருந்தால் இது நடந்திருக்குமா என்பது வேறு விஷயம்!

2012 அக்டோபர் 20ந் தேதி சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. இந்நகலை ஆதாரமாகக் கொண்டே புதிய சட்டம் அமைய வேண்டும் என்று வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் கூறினர். தனியாருக்குச் சொந்தமல்லாத இயற்கை வளங்கள் தேசத்தின் பொதுச்சொத்தாகவேண்டும் என்றோர் நூற்றுக்கு 83 பேர்.

இங்கேதான் சிக்கல். ஐஸ்லாந்தில் இயற்கை வளம் என்பது முதலாவதாக மீன். மீன்பிடி உரிமைப் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு அந்த விதி எப்படி இனிக்கும்? எல்லாத் தொகுதியிலும் ஓட்டுக்குச் சம மதிப்பு என்று மற்றொரு விதி கூறிற்று. குறைந்த ஓட்டில் ஆசனம் பெற்றுவந்த அங்கத்தினருக்கு அது எப்படி ருசிக்கும்? அந்நாட்டுச் சட்டப்படி, அரசியல் சட்டத்தைத் திருத்த ஒரு சட்டசபை நிறைவேற்றி, உடனே கலைந்து, தேர்தலுக்குப்பின் வரும் சட்டசபையும் அதனை நிறைவேற்றவேண்டும். 2013 ஏப்ரல் தேர்தலுக்கு முன் அம்மசோதா முடிவான ஓட்டுக்கே விடப்படாமல் கிடந்தது. தேர்தலில் பழைய கட்சிகள் மீண்டன. நகல் பெட்டிக்குள் போயிற்று. 1944ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் ஆள்கின்றது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் இரண்டு. வாக்களிக்க வந்தவர் பாதிப்பேருக்கும் சற்றுக் குறைவு என்பது ஒன்று. வராதவரையெல்லாம் எதிரிகள் என்று கணக்கெழுத யார் அதிகாரம் கொடுத்தது? நகலில் சட்டக் குறைகள் உண்டென்று வல்லுநர் கூறினர் என்பது மற்றொன்று. கூறினர், மெய்தான். குறையுள்ள நகலைத் திருத்துவது உலக வழக்கம். குறையைக் காட்டி நகலையே புதைப்பது பாங்கைக் காக்கத் தெரியாதவர்களின் வழக்கம் போலும்.

2020இல், “புதிய அரசியல் சட்டம் எங்கே?” என்று ரெய்க்ஜாவிக் நகரத்துச் சுவரொன்றில் பெரிய எழுத்தில் தீட்டினர். சர்க்கார் அதைக் கழுவிற்று. மீண்டும் தீட்டினர். 43,000 பேருக்கு மேல் கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர்.

ஆகவே குற்றம் இணையக் கருவியில் இல்லை, பாமரரிடத்திலும் இல்லை. கருத்தைக் கேட்டவன் பதில் சொல்லக் கடமைப்படாததே குற்றம். அக்கடமையை எழுதிவைத்தால் என்ன நேரும் என்பதற்குத் தைவான் சாட்சி. 2014இல் மாணவர்கள் சட்டசபைக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் அமர்ந்திருந்த பிறகு, அச்சர்க்கார் சற்று விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு திறக்கப்பட்ட விண்ணப்ப இணையதளத்தில், 60 நாளுக்குள் 5,000 பேர் ஆதரித்த யோசனைக்குச் சம்பந்தப்பட்ட இலாகா பகிரங்கமாக விடையளித்தே தீரவேண்டும். 2017இல், வரிக்கணக்குச் செலுத்தும் மென்பொருள் சகிக்கமுடியாதபடி இருக்கின்றது என்று ஒருவர் அங்கே கொதித்தெழுதினார். நிதி இலாகா அவரையும் மற்றக் குறைகூறிகளையும் அழைத்து, உடன் அமர்ந்து, அதை மாற்றியமைத்தது. 2018இல் புதிய முறை வந்தது. அங்கும் பணியவேண்டிய கட்டாயம் இல்லை. விடையளிக்கும் கட்டாயம் மட்டுமே. அவ்வளவுக்கே இவ்வளவு பலன்!

வாசகர்காள்! இனி எந்தச் சர்க்காராவது கருத்துக் கூறுங்கள் என்று அழைத்தால், எழுதத் தொடங்குமுன் அந்தப் பக்கத்தின் அடிவரை படித்துப் பாருங்கள். எத்தனை நாளில் பதில் வரும், யார் கையொப்பத்தோடு வரும், யோசனையைத் தள்ளினால் காரணம் வெளியிடப்படுமா என்பவை அங்கே எழுதப்பட்டிருக்கின்றனவா? இல்லையாயின், அம்மூன்றையும் எழுதும்படி கேட்பதே உங்கள் முதற் கருத்தாக இருக்கட்டும்.