வீட்டின் சாவி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் போதுமா?

இல்லத்தில் நேரும் விபத்துகளை நாம் பெரும்பாலும் விதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். குக்கரின் ஆவி கையில் பட்டால் வேளை சரியில்லை என்கிறோம். குளியலறையில் பாட்டி வழுக்கி விழுந்தால் யார் கண் பட்டதோ என்கிறோம். பீரோவில் வைத்த பத்திரத்தைக் கரையான் அரித்தால் கிரகக் கோளாறு என்கிறோம். ஆனால், கணக்கு எழுதிப் பழகியவர்கள் ஒன்றை அறிவார்கள். ஒரே தொகை மாதந்தோறும் ஒரே நாளில் பற்றாக விழுமானால், அதன் பின்னே எவரோ கொடுத்து வைத்த ஓர் உத்தரவு இருக்கும். இல்லத்து விபத்துகளும் அப்படியே. அவை வரும் நேரமும் பருவமும் நமக்குத் தெரிந்தவையே.

மேற்குக் கடற்கரை நகரங்களை எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது ஜூன் 1 அன்று. பள்ளிகள் திறப்பதும் அந்நாளையொட்டியே. மும்பையில் மழை வருவது ஜூன் இரண்டாம் வாரத்தில். அங்கும் புத்தகப் பைகள் தோளேறுவது ஜூன் நடுவில்தான். ஆக, ஆண்டிலேயே குடும்பத்திற்கு மிகுந்த பரபரப்பான நாட்களும், வீடு மிகுந்த ஈரத்தோடு இருக்கும் நாட்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. காலை ஆறு மணி முதல் ஒன்பது மணிக்குள் சமையல், குளியல், சீருடை, உணவு டப்பா, மின்சார ரயில் எல்லாம் முடிந்தாக வேண்டும். காயாத துணி கூடத்துக் கொடியில் தொங்குகிறது. தரை நசநசக்கிறது. நனைந்த கையோடு ஒருவர் மிக்சியின் சுவிட்சைத் தட்டுகிறார். செம்பூரிலோ கொச்சியிலோ வாழும் எந்தத் தமிழ்க் குடும்பத்திற்கும் இக்காட்சி புதிதன்று.

பரபரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. பதறாத காரியம் சிதறாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், இருவரும் வேலைக்குச் செல்லும் இல்லத்தில் பரபரப்பு என்பது விருப்பமன்று, நிலைமை. எனவே, நாம் மாற்றக்கூடிய வேறொன்றைப் பற்றிப் பேசுவதே பயனுள்ளது. நம் இல்லங்களில் வீட்டைப் பற்றிய அறிவு முழுவதும் ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அவர் அந்த வீட்டின் தாய். பணம், பத்திரம் பற்றிய அறிவோ மற்றொருவரின் தலைக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அவர் தந்தை. இந்தப் பாகப்பிரிவினையே நம் விபத்துகளைப் பெரிதாக்குகிறது என்பது நம் கருத்து.

தாய் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன நடக்கிறது? குக்கரின் கேஸ்கட் தளர்ந்திருப்பதும், இடப்பக்க அடுப்பின் குமிழ் இறுகாமல் இருப்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். மாவு அரைக்கும் இயந்திரத்தைத் தொட்டால் விரலில் சுரீரென்று ஏறும். ஆகவே அவர் ரப்பர் செருப்பணிந்துதான் அதைத் தொடுவார். இவற்றையெல்லாம் அவர் பழுதாகப் பார்க்கவில்லை; பழக்கமாக்கிக்கொண்டார். அவருடைய கவனமே அந்த வீட்டின் பாதுகாப்புக் கருவியாக இருந்தது. அவர் ஓய்ந்த நாளில் அக்கருவியும் ஓய்கிறது. அன்று அடுக்களையில் நுழையும் கணவரோ மகளோ காயம்படுவது கவனக்குறைவினால் அன்று; சொல்லப்படாததினால்.

ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை மலையளவு இல்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தேங்கும். வாடை வந்தால் எந்த மின் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். உருளையின் கழுத்துப் பட்டையில் 'சி-27' என்பதுபோல் எழுதியிருந்தால், அது 2027ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டோடு சோதனைக்கெடு முடிகிறது என்று பொருள். உருளையை வாங்கி வைக்கும் பிள்ளைக்கு இது தெரிந்திருந்தால் போதும், கெடு கடந்த உருளை வீட்டுக்குள் வாராது.

மின்சாரமும் அப்படியே. பல வீடுகளில் உள்ள சாதாரணத் தானியங்கி சுவிட்ச், மின்பளு கூடினாலோ கம்பிகள் உரசிக்கொண்டாலோதான் அணையும். ஈரக்கையில் மின்சாரம் பாய்வதைத் தடுக்க அதற்குத் தெரியாது. அதற்கென உள்ள கசிவு தடுப்புச் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். அது நம் வீட்டில் இருக்கிறதா, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பவை பத்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. தீக்காயம் பட்டால் பற்பசையும் நெய்யும் மையும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்நீரில் இருபது நிமிடம் காட்டுவதே முதல் மருத்துவம்.

இனி, பீரோவின் பக்கம் திரும்புவோம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தரைத்தளத்து வீடுகளில் புகுந்த வெள்ளம் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் விட்டுவைக்கவில்லை. அவ்வளவு பெருமழை வேண்டியதில்லை. சுவரோடு ஒட்டிய பீரோவில் ஒரு பருவத்து ஈரமே சேமிப்புப் பத்திரத்தைப் பூஞ்சைக்கு இரையாக்கும்.

பழுதுபட்ட ரூபாய் நோட்டுகளுக்காவது வழி உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் எண்பது விழுக்காட்டிற்கு மேற்பட்ட பகுதி ஒரே துண்டாக எஞ்சியிருந்தால் முழு மதிப்பும், நாற்பது முதல் எண்பது வரை எஞ்சியிருந்தால் பாதி மதிப்பும் கிடைக்கும். எந்த வங்கிக் கிளையிலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், எந்தக் கிளையில் வைப்புத்தொகை இருக்கிறது என்ற செய்தி ஒருவரோடு மறைந்துவிட்டால், அதை மாற்றித் தர எந்த முகப்பிலும் ஆளில்லை. பத்தாண்டுகள் எவரும் தொடாத வைப்புத்தொகைகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குச் சென்றுவிடுகின்றன. உரியவர் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம் என்பது உண்மையே; கேட்பதற்கு அப்படியொரு கணக்கு உண்டென்று தெரிந்திருக்க வேண்டுமே! 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமனதாரராகப் பதிவு செய்யலாம். பதிவு செய்வதோடு நில்லாமல், அந்த நால்வரிடமும் அதைச் சொல்லிவைப்பது நம் கடமை.

"இதற்கெல்லாம் காப்பீடு இருக்கிறதே" என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது, எடுக்கவும் வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில், 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்குதாரருக்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா இல்லத்தில் நேரும் விபத்து மரணத்திற்கும் பொருந்தும். அதைக் குடும்பத் தலைவரின் கணக்கில் மட்டும் சேர்த்துவிட்டு, நாள் முழுதும் அடுப்பின்முன் நிற்பவரின் கணக்கில் சேர்க்காமல் விடுவது என்ன நியாயம்? மேலும், காப்பீடு என்பது நேர்ந்த பின் வரும் துணை. நேராமல் காப்பது வீட்டாரின் அறிவே.

"சொல்லித்தரும் நேரத்தில் நானே செய்துவிடுவேன்" என்பது தாய்மார் பலரின் விடை. அதில் நியாயம் உண்டு. கற்றுத்தருவதும் ஒரு வேலை. அதையும் அவர் தலையிலேயே ஏற்றுவது தகாது. கேட்டறிய வேண்டியவர்கள் மற்றவர்கள். கணவர் அடுக்களைக்குச் சென்று, "எந்தக் குமிழ் இறுகவில்லை?" என்று கேட்கட்டும். மனைவி பீரோவைத் திறந்து, "எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்கட்டும். பிள்ளைகள் இரண்டையும் கேட்கட்டும். கேட்டவுடன் பழுதுகள் பழக்கமென்ற போர்வையிலிருந்து வெளியே வரும். தளர்ந்த கேஸ்கட்டை மாற்ற ஆகும் செலவு ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலைதான் என்பதும் அப்போது தெரியவரும்.

மே மாதத்தின் கடைசி ஞாயிறு இதற்கு ஏற்ற நாள். மழையும் பள்ளியும் வந்து சேர்வதற்கு முன், வீட்டார் அனைவரும் அரைமணி நேரம் சேர்ந்து வீட்டைச் சுற்றி வரலாம். அடுப்பு, மெயின் சுவிட்ச், குளியலறைத் தரை, பீரோ என்ற நான்கு நிறுத்தங்கள் போதும். ஒரு நோட்டில் அவசர எண்களையும் கணக்கு விவரங்களையும் எழுதி, யாவரும் அறிந்த இடத்தில் வைக்கலாம். கடவுச்சொல்லும் ரகசிய எண்ணும் மட்டும் அதில் இடம்பெற வேண்டாம். அந்த நோட்டின் முதல் பக்கத்தை வீட்டின் இளையவரே எழுதட்டும்.