சென்னைப் பிரகடனமும் நம் வீட்டு மாத்திரை டப்பாவும்

தொற்றுநோய்க் கிருமிகளையும் அவற்றைக் கண்டறியும் பரிசோதனைகளையும் பற்றிப் பேச மருத்துவர்கள் ஆண்டுதோறும் உலக மாநாடு கூட்டுகிறார்கள். 2024இல் பார்சிலோனா, 2025இல் வியன்னா. மேலப்பாளையத்தில் இருக்கும் நமக்கு அதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு, சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொன்னால் விளங்கும்.

2010இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக் கட்டமாகக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் சென்னை, ஹரியானா நோயாளிகளிடம் இருப்பதை அது காட்டியது. அக்கிருமிகளிடம் இருந்த மரபணுவுக்கு 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்ததில் நம் நாட்டில் கோபம் எழுந்தது. கிருமியை விடப் பெயரைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

2012 ஆகஸ்ட் 24 அன்று இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் ஒன்றுகூடின. ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். அங்கு உருவானதுதான் சென்னைப் பிரகடனம். மருந்துச் சீட்டு இல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் கிடையாது என்று ஒரே நாளில் கதவடைக்க அது கேட்கவில்லை. மருத்துவரே இல்லாத ஊர்களில் அப்படிச் செய்தால் ஏழைதான் சாவான். முதலில் உயர்நிலை மருந்துகளையாவது காப்பாற்றுவோம் என்றது. அதுதான் நடைமுறை அறிந்தவர்களின் பேச்சு. 2014 மார்ச் 1 முதல் எச்-1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்தை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் அதிகம் புழங்கும் அசித்ரோமைசினும் அமாக்சிசிலினும் அப்பட்டியலில் இல்லை. அவற்றுக்கும் சீட்டு வேண்டும் என்பதே சட்டம், பதிவேடுதான் இல்லை. அதனால் மெடிக்கலில் "காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை" என்றால் கிடைத்துவிடுகிறது. வளைகுடாவுக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் ஊறுகாயோடு ஓர் அட்டையும் போகிறது! மருத்துவம் அறியாதவர் மருந்து கொடுத்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பு என்று ஃபிக்ஹில் ஓதிய நாம், கடைக்காரரைப் பற்றியும் பக்கத்து வீட்டு மாமியைப் பற்றியும் அதைச் சொல்வதில்லை.

சளி, சாதாரணக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. உடலில் உள்ள மற்ற பாக்டீரியாக்களுக்குத்தான் அது எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுக்கிறது. பிறகு வாப்பாவுக்குச் சிறுநீரில் தொற்று வந்து ஐ.சி.யூ.வில் படுக்கும்போது மருந்து பிடிக்காது. உலகம் முழுவதும் 2019இல் மட்டும் இப்படி 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

பரிசோதனையின் அருமை தெரியாத ஊரல்ல நம் ஊர். 2020 கொரோனாவின்போது மேலப்பாளையம் அடைக்கப்பட்டது. தப்லீக் பெயரைச் சொல்லி நாடெங்கும் நம்மைக் குற்றவாளியாக்கினார்கள். அந்த வேதனைக்கு நடுவிலும் நம் மக்கள் மாதிரி கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார்கள். வதந்திக்கும் உண்மைக்கும் நடுவில் அன்று நின்றது ஆய்வுக்கூடத் தாள்தான்.

பாக்டீரியாத் தொற்றுக்கு அந்தத் தாளின் பெயர் கல்ச்சர் ரிப்போர்ட். சிறுநீர், இரத்தம், சீழ் என எதிலிருந்து எடுத்தாலும் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும். மருந்துக்கு நேரே 'எஸ்' இருந்தால் கேட்கும். 'ஆர்' இருந்தால் கேட்காது. கூடியவரை முதல் ஆன்டிபயாடிக் ஏறுமுன்பே மாதிரி எடுக்க வேண்டும். பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலையில் ரிப்போர்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. மாதிரி எடுத்ததும் மருத்துவர் தொடங்கிவிடுவார், ரிப்போர்ட் வந்தபின் மாற்றுவார். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி உண்டு. "டாக்டர், கல்ச்சர் எடுக்கணுமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கேரளம் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று சீட்டில்லா விற்பனையைப் பிடிக்கத் தொடங்கியது. நம் ஜமாஅத்துகள் அரசை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மஹல்லாவில் மெடிக்கல் வைத்திருப்பவர்களில் பலர் நம்மவர்களே. ஜும்ஆவுக்கு முன் பத்து நிமிடம் ஒரு மருத்துவரைப் பேச வைத்து, அவர்களையும் முன் ஸஃப்பில் உட்கார வைக்கலாம்.