இடுப்பில் துப்பாக்கி, எதிரில் போலீஸ்

2010 ஜூன் மாதத்தில் ஒரு மாலை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், டொலீடோ நகரம். மனைவி, மகள், பேரனுடன் நாயைக் கூட்டிக்கொண்டு ஒருவர் காலாற நடந்து போகிறார். இடுப்பு உறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு கைத்துப்பாக்கி. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, இப்படித் துப்பாக்கியோடு தெருவில் நடக்கலாமா என்று சத்தம் போடுகிறார். பிறகு போலீஸுக்குப் போன் செய்கிறார். வந்த போலீஸ்காரர் துப்பாக்கியைப் பிடுங்கி, கைவிலங்கு மாட்டி, சுமார் அரை மணி நேரம் காரில் உட்கார வைத்துவிடுகிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓஹையோவில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வது குற்றமே அல்ல. அதற்கு லைசென்ஸ்கூடத் தேவையில்லை. அவர் மீது போட்ட வழக்கு பிசுபிசுத்தது. அவரோ பதிலுக்குப் போலீஸ் மீது வழக்குப் போட்டார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சட்டம் அனுமதித்த ஒன்றைச் செய்பவரை, அதைச் செய்கிறார் என்பதற்காகவே சந்தேகிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். போலீஸுக்கு இந்தச் சட்டம் பிடிக்காமல் போகலாம். அதற்காகக் குடிமகனின் கையில் விலங்கு மாட்ட முடியாது.

தீர்ப்பு தெளிவானது. தெரு அவ்வளவு தெளிவானதல்ல.

அதே ஓஹையோவில், 2014 ஆகஸ்ட் 5 அன்று, பீவர்க்ரீக் ஊரின் வால்மார்ட் கடைக்குள் ஜான் க்ராஃபோர்ட் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞர் போனில் பேசியபடி நடந்துகொண்டிருந்தார். கையில் அந்தக் கடையின் அலமாரியிலிருந்தே எடுத்த காற்றுத் துப்பாக்கி. துப்பாக்கியை ஜனங்களை நோக்கி நீட்டுகிறார் என்று கடையிலிருந்த ஒருவர் போலீஸுக்குச் சொன்னார். போலீஸ் வந்தது, பார்த்த சில வினாடிகளில் சுட்டது. இளைஞர் இறந்தார். போன் செய்தவர் பிற்பாடு தன் பேச்சை மாற்றிக்கொண்டார். சுட்டவர் மீது குற்றம் சாட்ட ஜூரி மறுத்துவிட்டது. உண்மையான துப்பாக்கியையே பகிரங்கமாகச் சுமக்கலாம் என்கிற மாநிலத்தில், விலைச்சீட்டுப் போட்ட காற்றுத் துப்பாக்கிக்காக ஓர் உயிர் போனது.

முன்னவர் விலங்கோடு தப்பித்துக் கோர்ட்டுக்குப் போனார். பின்னவருக்காக அவர் குடும்பம் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் துப்பாக்கி உரிமை பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டு சம்பவங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

சட்டப்படி போலீஸ் என்ன செய்யலாம்? இதற்கான அடிப்படை 1968இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அளித்த ஒரு தீர்ப்பு. அந்த வழக்கும் ஓஹையோவிலிருந்து, கிளீவ்லாண்ட் நகரத்திலிருந்து வந்ததுதான். குற்றம் நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நியாயமாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் ஒருவரைத் தடுத்து நிறுத்தலாம்; அவர் ஆயுதம் வைத்திருக்கிறார், ஆபத்தானவர் என்று கருத இடமிருந்தால் மேலே தடவிச் சோதிக்கலாம். அன்றைக்கு ஆயுதம் என்றாலே ஆபத்து என்பது எழுதாத விதி. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். 2022இல் சுப்ரீம் கோர்ட், விசேஷக் காரணம் காட்டினால்தான் லைசென்ஸ் என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தைத் தள்ளுபடி செய்து, வீட்டுக்கு வெளியே ஆயுதம் சுமப்பதும் அரசியல் சட்ட உரிமையே என்று உறுதி செய்தது. அப்படியானால் ஆயுதம் வைத்திருப்பவரெல்லாம் ஆபத்தானவரா?

நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை. 2015இல் ஓஹையோ வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. 2017இல் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த வழக்கில் இன்னொன்று வேறு கணக்குப் போட்டது. சீட் பெல்ட் போடாததற்காக நிறுத்தப்பட்ட காரில் இருந்தவரிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று தகவல். அதற்கு அவர் அனுமதி பெற்றிருந்தாலும் சரி, முறைப்படி நிறுத்தப்பட்டவர் ஆயுதபாணி என்றால் போலீஸைப் பொறுத்தவரை அவர் ஆபத்தானவர்தான், சோதிக்கலாம் என்றது அது.

இந்தச் சட்டங்களின் பூர்வீகம் இன்னும் சுவாரஸ்யமானது. 1966இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர், கறுப்பினப் பகுதிகளில் ரோந்து வரும் போலீஸ் கார்களைப் பின்தொடர்ந்தார்கள். கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி. அப்போது அங்கே அது சட்டப்படி சரி. போலீஸ் யாரையாவது நிறுத்தினால், எட்டி நின்று பார்ப்பார்கள். 1967இல் டான் மல்ஃபோர்ட் என்ற சட்டமன்ற உறுப்பினர் இதற்குத் தடை மசோதா கொண்டுவந்தார். மே 2 அன்று துப்பாக்கிகளோடு தலைநகர் சேக்ரமென்டோவின் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே கட்சியினர் நுழைந்தார்கள். மசோதா மளமளவென்று நிறைவேறியது. ஜூலையில் கையெழுத்திட்ட கவர்னர், பிற்காலத்தில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் செல்லப்பிள்ளையான ரொனால்ட் ரீகன். துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உரிமையின் அளவும் மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அரை நூற்றாண்டு கழித்தும் அந்தச் சாட்சியம் பழசாகவில்லை. 2016 ஜூலை 6 அன்று மினசோட்டா மாநிலத்தில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற பள்ளி உணவக ஊழியரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. வயது 32. துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவர். வெளியே தெரியும்படிகூட அதை வைத்திருக்கவில்லை. தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே மரியாதையாகச் சொன்னார். அடுத்த சில வினாடிகளில் போலீஸ்காரர் ஏழு முறை சுட்டார். பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. சுட்டவரை 2017 ஜூனில் ஜூரி விடுதலை செய்தது. நாட்டின் பலம் மிக்க துப்பாக்கி உரிமைச் சங்கம் செத்தவரின் பெயரைக்கூடச் சொல்லாமல் ஓர் அறிக்கையோடு நிறுத்திக்கொண்டது.

போலீஸ் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். காஸ்டீல் இறந்த மறுநாள் டெக்சாஸின் டாலஸ் நகரில் கண்டன ஊர்வலம். ஊர்வலத்தில் 20 முதல் 30 பேர் வரை தோளில் ரைஃபிளோடு வந்திருந்ததாக நகரப் போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன் பிறகு சொன்னார். டெக்சாஸில் அது அனுமதிக்கப்பட்டதுதான். திடீரென்று ஒரு கொலைகாரன் சுட ஆரம்பித்தான். ஐந்து போலீஸார் இறந்தார்கள். குண்டு பறக்கும்போது ரைஃபிளோடு ஓடும் இத்தனை பேரில் நல்லவர் யார், கெட்டவர் யார்? சம்பந்தமே இல்லாத ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே வெளியிட்டது. அவரும் துப்பாக்கியோடு வந்தவர். சுடும் சத்தம் கேட்டதும் அதைப் போலீஸிடம் ஒப்படைத்திருந்தார். படம் பரவிய அந்த இரவில் யாராவது அவரைக் கண்டு சுட்டிருந்தால் கேட்பாரில்லை. பத்து நாள் கழித்து, கட்சி மாநாடு நடக்கவிருந்த கிளீவ்லாண்டில், துப்பாக்கி சுமப்பதைத் தற்காலிகமாகவாவது தடை செய்யுங்கள் என்று போலீஸ் சங்கத் தலைவர் கெஞ்சினார். தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார் கவர்னர்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே துப்பாக்கி உரிமையல்ல, சலுகை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, ஆயுதத்தோடு போகிற எவரிடமும் எந்தப் போலீஸ் அதிகாரியும் லைசென்ஸைக் காட்டு என்று கேட்கலாம். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளும் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டியதுதான். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் வடநாட்டு வழக்கத்துக்கும் 2019 திருத்தம் தண்டனை வைத்திருக்கிறது. ஆனால் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இடமில்லை. 'என்கவுன்ட்டர்' என்ற சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் அர்த்தம் அமெரிக்க அகராதியில்கூடக் கிடையாது. அங்கே துப்பாக்கி முதலில் தெரிகிறது, பிறகு ஆள் சாகிறார். இங்கே பல சமயம் ஆள் செத்த பிறகுதான் அவர் கையில் துப்பாக்கி இருந்த செய்தியே தெரிகிறது. இதற்காக 2014இல் நம் சுப்ரீம் கோர்ட் 16 நெறிமுறைகள் வகுக்க வேண்டிவந்தது.

அமெரிக்கர்கள் துப்பாக்கியைக் கீழே வைக்கப் போவதில்லை. போலீஸும் பயப்படுவதை நிறுத்தப் போவதில்லை. இடையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாரோ துப்பாக்கியோடு நிற்கிறார் என்று போன் வரும்போது, அவர் என்ன வைத்திருக்கிறார் என்பதோடு, அதை வைத்து என்ன செய்துகொண்டிருக்கிறார் என்றும் போனை எடுப்பவர் துருவிக் கேட்க வேண்டும். சம்பவ இடத்துக்குப் போகிறவர் சுடுவதற்கு முன் தானும் அதைப் பார்க்க வேண்டும். டொலீடோவில் அந்தக் கேள்விக்குப் பதில், நாயோடு நடக்கிறார். பீவர்க்ரீக்கில் பதில், போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.