கலசப்பாக்கமும் கணினிப் பாடமும்

திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் இடையே, செய்யாற்றங்கரையில் அமைந்த கலசப்பாக்கம் ஒரு தாலுகாவின் தலைமையிடம். அதற்கு வடகிழக்கேயுள்ள ஆரணியின் பட்டுச் சேலையை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். இப்பிரதேசத்து வாலிபன் ஒருவன் இணையதளம் அமைக்கும் தொழிலை முறையாகக் கற்க விரும்பினால், சில ஆண்டுகளுக்கு முன்வரை சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுவதே வழியாக இருந்தது. விடுதிக் கட்டணம் ஒருபுறம், பயிற்சிக் கட்டணம் மற்றொருபுறம். பெண்மக்களுக்கோ அவ்வழியும் பெரும்பாலும் அடைபட்டே கிடந்தது. இன்று அதே பாடத்தை, ஆசிரியரின் குரலை நேரிற் கேட்டு, சந்தேகத்தை அப்போதே வினவி, வீட்டிலிருந்தபடி கற்க இயல்கிறது. இம்மாறுதலை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆயினும் இப்பாடம் எந்தப் பாஷையில், எந்தக் கருவியின் மூலம், யாருக்குக் கிட்டுகிறது என்பதை விசாரிக்காமல் வரவேற்பது மட்டும் போதாது.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கணினி எதற்கு என்று கேட்கும் பெரியோர் இன்னும் உளர். அவர்கள் தம் வீட்டுத் தறியின் தலைமீதுள்ள ஜக்கார்டு பெட்டியைச் சற்று நிமிர்ந்து பார்ப்பாராக. 1804-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து ஜக்கார்டு என்பவர் செம்மை செய்த அப்பொறி, அட்டையில் துளையிருந்தால் பாவு நூலைத் தூக்கும், துளையில்லையேல் விட்டுவிடும். இந்த ‘உண்டு, இல்லை’ என்னும் கட்டளை முறையைக் கண்டே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தமது கணக்கு யந்திரத்திற்குத் துளையட்டையை ஏற்றுக்கொண்டார். இன்றைய கணினிக்கு அந்த யந்திரத்தை முன்னோடியாகக் கூறுவர். சேலையின் கரையில் அன்னத்தையும் மாங்காயையும் அட்டை அட்டையாகப் பிரித்து யோசிக்கத் தெரிந்த குடும்பத்துக்கு, ஒரு பக்கத்தைக் கட்டளை கட்டளையாகப் பிரித்து எழுதும் வித்தை அவ்வளவு அந்நியமானதன்று.

நேரலைப் பாடத்தின் சிறப்பு யாது? பதிவு செய்து வைத்த பாடங்கள் இணையத்தில் மலைமலையாய்க் குவிந்துள்ளன. அவற்றைக் கேட்டுக் கற்றவர்களும் உண்டு. ஆனால் புதிதாய்த் தொடங்குபவன் எச்.டி.எம்.எல். பாஷையில் ஒரு குறியை மூட மறந்தாலும், ஜாவாஸ்கிரிப்டில் ஓர் எழுத்தைப் பெரிதாக இடவேண்டிய இடத்தில் சிறிதாக இட்டாலும், அவன் எண்ணிய காரியம் திரையில் நடவாது. பிழை எங்கே என்று தேடித் தேடி இரவு கழியும்; மறுநாள் பாடத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும். நேரலையில் அவன் தன் திரையையே ஆசிரியருக்குக் காட்டலாம். ‘பதினான்காம் வரியைப் பார், தம்பி’ என்ற ஒரு வார்த்தையில் ஓர் இரவின் துன்பம் தீரும். தறிக்குழியில் தகப்பன் அருகிருந்து மகனுக்கு இழை முடியக் கற்றுக்கொடுப்பதும் இவ்விதமே.

2021 ஏப்ரலில், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ‘குவி’ என்ற நிறுவனம், ஒரே நாளில் 1,12,318 பேருக்கு இணையவழியே நிரலெழுதும் பாடம் நடத்தி கின்னஸ் சாதனை செய்தது. தமிழில் கணினிப் பாடம் கற்பித்துப் பெயர் பெற்ற நிறுவனம் அது. அதன் உழைப்பை நாம் மதிக்கிறோம். எனினும் லட்சம் பேர் கூடிய வகுப்பைக் காட்டிலும், இருபது பேர் ஆறு மாதம் விடாது வரும் வகுப்பே நமது ஊர்களுக்கு வேண்டுவது என்பது நமது அபிப்பிராயம். கூட்டத்தில் கூச்சமுள்ளவன் வாய் திறவான்.

பாஷை விஷயத்துக்கு வருவோம். இணையத்தின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆதலால் பாடமும் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும் என்பர் சிலர். இந்த வாதம் பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே அமெரிக்க டாக்டர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் போதித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். உடற்கூறு தமிழில் அடங்கியதாயின், ஒரு பக்கத்தின் தலைப்பும் பத்தியும் அடங்காவோ? தொடக்கத்தில் அறிய வேண்டிய கட்டளைச் சொற்கள் சில டஜன்களே. அவற்றை நெட்டுருச் செய்துகொள்ளலாம். ஏன், எப்படி என்ற விளக்கமே கடினம். அது தாய்மொழியில் வந்தாலன்றி மனத்தில் தைக்காது. உத்தியோகத்துக்கு ஆங்கிலம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. அதையும் கற்கட்டும், ஆனால் ஒரே வேளையில் இரண்டு சுமைகளைத் தலையில் ஏற்ற வேண்டுவதில்லை.

இவ்விஷயத்தில் ‘கணியம்’ குழுவினரின் தொண்டு போற்றத்தக்கது. 2012-இல் மின்னிதழாகத் தொடங்கிய அவர்கள், து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் எச்.டி.எம்.எல்.’, ‘எளிய தமிழில் சி.எஸ்.எஸ்.’ முதலிய நூல்களை எவரும் எடுத்துப் படிக்கவும் பகிரவும் இலவசமாய் வெளியிட்டுள்ளனர். தமிழில் நேரலை வகுப்புகளும் நடத்தியுள்ளனர். வலையின் தர்மமும் அதுவே. 1993 ஏப்ரல் 30-இல் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம், தன்னிடம் பிறந்த வலைத் தொழில்நுட்பத்தை உலகத்தார் யாவருக்கும் உரிமைத்தொகையின்றி விட்டுக்கொடுத்தது. இதற்கு மாறாக, வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து, மாணாக்கனைக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடச் செய்து பணம் பறிக்கும் கூட்டமும் நாட்டில் உண்டு. முதல் நான்கு வகுப்புகளைக் காசின்றிக் கேட்க இடந்தராதவரிடம் பெற்றோர் ஒரு ரூபாயும் கட்டலாகாது என்போம்.

இனிக் கருவி. கலசப்பாக்கத்தில் கைப்பேசி இல்லாத வீடு அரிது. கணினி உள்ள வீடும் அரிதே. நான்கு விரற்கடை அகலமுள்ள திரையில் ஆசிரியரின் நிரலைப் பார்ப்பதா, தன் நிரலை எழுதுவதா? ஒன்றைச் செய்தால் மற்றொன்று மறையும். கைப்பேசியில் பாடம் கேட்கலாம். தொழில் கற்க முடியாது. மாநில சர்க்கார் 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிகளின் வாயிலாகவே பயிற்சியைக் கொண்டுசெல்கிறது. படிப்பை நிறுத்தித் தறியில் அமர்ந்துவிட்ட இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எங்கே போவான்?

நூலகத்துக்குப் போகலாம் என்பது நமது விடை. பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் முதன்முதல் நமது சென்னை மாகாணத்திலேதான் 1948-இல் இயற்றப்பட்டது. அதன்படி வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் நூலக வரியும் கட்டி வருகின்றனர். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது. வரியும் நம்முடையது, கம்பியும் நம்முடையது. தாலுகா நூலகம் ஒவ்வொன்றிலும் பத்துக் கணினிகளும், பத்துச் செவிப்பொறிகளும், மின்சாரம் நின்றால் இரண்டு மணி நேரம் தாங்கும் மின்கலமும் வைப்பதற்கு என்ன தடை? பத்துப் பேர் ஓரிடத்தில் அமர்ந்து ஒரே பாடத்தைக் கேட்பாராயின், ஒருவன் பிழையை மற்றவன் காண்பான். ஆசிரியர் தொலைவில் இருப்பினும் சகபாடி பக்கத்தில் இருப்பான். கற்றவர்களில் இருவர் சேர்ந்து, தம் ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கே ஒரு தளம் கட்டித் தரட்டும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை வாங்குவோர் நேரே நெய்தவரிடம் விலை கேட்கட்டும்.

வேலைக்குச் செல்வோருக்கான நேரலை வகுப்புகள் இரவு ஏழு மணிக்கு மேல் நடப்பதே வழக்கம். அந்நேரத்தில் நூலகக் கதவு பூட்டிக் கிடக்குமாயின், மேற்சொன்ன கணினிகள் யாவும் வீணே. ஆதலின் நூலகத் துறையினரை நாம் முதன்முதல் கேட்பது கணினியைக்கூட அன்று. வாரத்தில் நான்கு நாள், இரவு ஒன்பதரை மணிவரை கதவைத் திறந்துவைத்து, விளக்கெரியச் செய்து, அதற்கு ஓர் ஊழியரை நியமித்து அவருக்கு உரிய சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பதையே.