திருப்பதி நடைப்பயணமும் பத்தாயிரம் ரூபாய் ஷூவும்

புரட்டாசி நெருங்கினா போதும், இங்கே நம்ம மக்கள் நடுவுல ஒரு பேச்சு கிளம்பிடும். "இந்த வருஷம் லீவுக்கு ஊருக்குப் போறோம், திருப்பதிக்கு நடந்து வர்றதா வேண்டுதல் இருக்கு, என்ன ஷூ வாங்கலாம்?" பலமனேர்க்காரன் என்கிற ஒரே தகுதியில என்கிட்டேயும் கேட்பாங்க. பெங்களூர், கோலார், முல்பாகல் பக்கத்துலேர்ந்து நடக்கிற கூட்டம் எங்க ஊர் வழியாத்தான் போகும். திண்ணையில உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டுப் போறவங்க காலையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த உரிமையில கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்.

என்ன ஷூ என்பது ரெண்டாவது கேள்வி. யாரோட கால், எந்த ரோடு என்பதுதான் முதல் கேள்வி. இதுல என் கட்சி இதுதான்: அலிபிரி வரைக்கும் பழகின காலணியோட நடங்க, அலிபிரியில கழட்டுங்க. ஃப்ளைட் ஏறுறதுக்கு முந்தின வாரம் வாங்கின புது ஷூவும் வேணாம், இறங்கின மறுநாளே ஆரம்பிக்கிற வெறுங்கால் நடையும் வேணாம்.

முதல்ல ரோட்டைப் பார்ப்போம். பலமனேர் கடல் மட்டத்துலேர்ந்து 700 மீட்டரை ஒட்டி இருக்கிற மேட்டு ஊர். சித்தூர் அதுல பாதி உயரம்தான். நடுவுல சுமார் 40 கிலோமீட்டர். பழைய என்.எச்.4-ல மொகிலி காட் இறங்கி, பங்காருபாளையம் தாண்டி சித்தூர். அங்கேயிருந்து காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துட்டு, பூதலப்பட்டு, சந்திரகிரி வழியா திருப்பதிக்கு இன்னும் ஒரு 70 கிலோமீட்டர். கடைசியில படி. அலிபிரி வழின்னா 3,550 படி, சுமார் 9 கிலோமீட்டர். சந்திரகிரி பக்கத்துல ஸ்ரீநிவாசமங்காபுரம் தாண்டி இருக்கிற ஸ்ரீவாரி மெட்டு வழின்னா 2,388 படி, ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல.

ஆக ஒரே பயணத்துல மூணு விதமான தரை: காட் இறக்கம், நீளமான தார் ரோடு, கல் படி. மூணுக்கும் கால் படற பாடு வேற வேற.

மலை ஏறும்போதுதான் கால் கெடும்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. கெடறது இறக்கத்துல. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஷூவுக்குள்ள முன்னாடி வழுக்கிட்டுப் போய் விரல் நுனி இடிக்கும். மொகிலி இறக்கம் முடியறதுக்குள்ள ஆயிரக்கணக்கான இடி. கட்டைவிரல் நகம் கறுத்துப் போறது இதனாலதான். அதனால நின்னுக்கிட்டு இருக்கும்போது, நீளமான விரலுக்கு முன்னாடி உங்க கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கணும். சாயந்திரம் போய் வாங்குங்க, அப்பதான் கால் வீங்கின அளவு தெரியும். நாள் பூரா நடந்தா இன்னும் வீங்கும். நடக்கப்போற சாக்ஸையே போட்டுப் பாருங்க. இறக்கம் வர்றதுக்கு முன்னாடி கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினா பாதம் முன்னாடி ஓடாது.

இங்கே கடையில போய் "நூறு கிலோமீட்டர் நடக்கப் போறேன்"னு சொன்னா, தண்ணி புகாத பெரிய ஷூவைத்தான் எடுத்து நீட்டுவாங்க. பனியில நடக்க அது சரி. சித்தூர் ஜில்லாவுக்கு அது சரிவராது. உள்ளே வேர்க்கிற வேர்வை வெளியே போகாது. புரட்டாசி மழையில தண்ணி மேல் பக்கமா உள்ளே போயிடும், அதுவும் வெளியே வராது. ஊறின தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும். நமக்கு வேண்டியது காத்து போற வலைத்துணி ஷூ, நனைஞ்சாலும் நடக்க நடக்கக் காயணும். அதுவும் ஏற்கெனவே நூறு கிலோமீட்டராவது உங்க காலோட பழகினதா இருக்கணும். பயணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி வாங்கி, தினம் போட்டு நடந்து, சனிக்கிழமை 15 கிலோமீட்டர், மறுநாளும் 10 கிலோமீட்டர்னு பழக்கிட்டுப் போங்க. பருத்தி சாக்ஸ் வேணாம், ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். கம்பளியோ செயற்கை இழையோ இருக்கட்டும். மத்தியானம் ஒரு தடவை மாத்துங்க. விரல் இடுக்குல வாசலின் தடவினா உரசல் குறையும். "லேசா சுடுது"ன்னு ஒரு இடம் சொல்லும்போதே நின்னு பிளாஸ்திரி ஒட்டுங்க. "அடுத்த ஊர்ல பார்த்துக்கலாம்"னு நடந்தீங்கன்னா அடுத்த ஊர்ல கொப்புளத்தைத்தான் பார்ப்பீங்க :-)

கூடவே ரெண்டாவது ஜோடி ஒண்ணு பையில இருக்கட்டும், குதிகாலுக்குப் பின்னாடி பட்டை உள்ள செருப்பா. மழை வந்தா அதுக்கு மாறிக்கலாம். ஷூ உரசின இடத்துல இது உரசாது, அந்த இடத்துக்கு ஓய்வு கிடைக்கும். நம்ம ஹவாய் செருப்பு தங்கற இடத்துல போட்டுக்க நல்லது. ஆனா பழக்கம் இல்லாதவங்க அதுல நாள் பூரா நடந்தா, அது கழண்டு போகாம இருக்க ஒவ்வொரு அடிக்கும் விரலால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நடக்கணும். ரெண்டாம் நாள் கெண்டைக்கால் கணக்குக் கேட்கும்.

"பழக்கம் இல்லாதவங்க"ன்னு சும்மா சொல்லலை. நம்மள்ல பல பேர் நடக்கப் போறது அம்மா, அப்பா, மாமியாரோட. அவங்களுக்கும் ஆசையா ஒரு ஜோடி விலை உயர்ந்த ஷூ வாங்கிட்டுப் போவோம். அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனா அறுபது வருஷம் செருப்புலயும் வெறுங்கால்லயும் நடந்த பாதம் முன்பக்கம் அகலமா விரிஞ்சிருக்கும். தென்னிந்தியாவுல வெறுங்கால்ல நடக்கறவங்களை பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்து 2009-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஷூ போட்டே வளர்ந்த மேல்நாட்டுக்காரங்களை விட இவங்க பாதம் அகலம், நடக்கும்போது அழுத்தமும் பாதம் முழுக்கப் பரவலா விழுதுன்னு அதுல இருக்கு. அந்தப் பாதத்தைக் குறுகின வாய் உள்ள ஷூவுக்குள்ள திணிச்சா சுண்டுவிரல்தான் முதல் பலி. அம்மா நாலு கிலோமீட்டர்ல ஷூவைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தா, அது நாகரிகம் தெரியாததால இல்லை. அவங்க கால் சொல்றதை அவங்க கேட்கறாங்க. அவங்க தினம் போடற செருப்புல அடிப்பாகம் தேயாத புது ஜோடி ஒண்ணை உள்ளூர்லயே வாங்கி, ரெண்டு மாசம் முன்னாடியே கொடுங்க. போதும்.

இப்ப நெருடலான விஷயம், வெறுங்கால் வேண்டுதல்.

இதைக் கேலி பண்ற ஆள் இல்லை நான். ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. சபரிமலைக்கு மாலை போடறவங்கள்ல பலர் 41 நாளும் செருப்பு போட மாட்டாங்க. அது விரதம் மட்டும் இல்லை, பயிற்சியும்தான். மலை ஏறற நாளுக்குள்ள பாதத்தோல் தடிச்சுத் தயாராயிடும். எங்க ஊர்ப் பக்கத்துல நிலத்துல உழைச்ச பெரியவங்களுக்கு வாழ்க்கை பூரா அந்தப் பயிற்சி. வேண்டுதலை ஏற்படுத்தினவங்க மனசுல இருந்தது அந்தக் கால்தான். நாள் பூரா சாக்ஸுக்குள்ள, கார்ப்பெட் மேல இருக்கிற நம்ம கால் அது இல்லை. வெயில் 35 டிகிரி இருந்தாலே தார் ரோட்டு மேற்பரப்பு 50-ஐத் தாண்டிடும். வெறுங்கால்ல நடக்கறவங்க ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டு மேலயே நடப்பாங்க, பார்த்திருப்பீங்க. கறுப்பை விட வெள்ளையில சூடு குறைச்சல். ஆனா பக்கத்துலயே லாரி போற கோடு அது. பாதத்தைக் காப்பாத்த உயிரைப் பணயம் வைக்கிற மாதிரி ஆயிடுது.

இதை விடப் பெரிய பயம் சர்க்கரை. எங்க சொந்தத்துல ஒரு பெரியப்பா, பன்னிரண்டு வருஷமா சர்க்கரை, பேத்தி நல்லபடியா பிறந்ததுக்கு வேண்டிக்கிட்டு வெறுங்கால்ல நடந்தார். சந்திரகிரியில ராத்திரி தங்கின சத்திரத்துல, சிமெண்ட் தரையில இருந்த ஈரத் தடத்தைப் பார்த்துதான் கூட இருந்தவங்க விசாரிச்சாங்க. உள்ளங்கால்ல ஒரு ஜல்லிச் சில்லு ஏறியிருந்தது. எப்ப ஏறிச்சுன்னு அவருக்கே தெரியலை, வலிக்கவே இல்லை. அடுத்த ரெண்டு மாசத்துல ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாச்சு. "பெருமாள் வலி தெரியாம நடக்க வச்சார்"னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்திருக்கார். வலி தெரியாம இருந்ததுதான் வியாதி.

இதை உலகத்துக்குப் புரிய வச்ச ஊர் நம்ம பக்கத்துலதான் இருக்கு. 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளோட விரல் அழிஞ்சு போறது கிருமி தின்கிறதால இல்லை, உணர்ச்சி போன இடத்துல அடிபட்டு அடிபட்டுத்தான்னு கண்டு சொன்னார். வலி தண்டனை இல்லை, காவல்காரன். அவரும் கூட இருந்தவங்களும் புண்ணை ஆத்தறதோட நிக்காம செருப்பு விஷயத்துலயும் இறங்கினாங்க. எம்.சி.ஆர். செருப்புன்னு இன்னிக்குக் கடையில கேட்டு வாங்கறோமே, அந்த மெத்து மெத்துன்னு இருக்கிற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு உணர்ச்சி இழந்த பாதங்களைக் காப்பாத்தற வேலையில பரவினதுதான். சர்க்கரையால கால் மரத்துப் போனவங்க வெறுங்கால்லயோ, வெறும் சாக்ஸோடயோ, வீட்டுக்குள்ளகூட நடக்கக் கூடாதுங்கறது உலக அளவுல மருத்துவர்கள் ஒத்துக்கிட்ட விதி. அவங்க கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பாதத்தைக் காட்டணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வேற ஒருத்தர் அவங்க உள்ளங்காலைப் பார்க்கணும், ஷூவைத் தட்டிக் கவிழ்த்துட்டுத்தான் திரும்பப் போடணும். படி ஏற்றத்தைப் பத்தியும் அந்த டாக்டரையே கேட்கணும். மேலே போக பஸ் இருக்கு, அதுல போனா பெருமாள் முகத்தைத் திருப்பிக்க மாட்டார்.

"செருப்போட போனா புண்ணியம் குறையாதா?" என்பாங்க. திருமலையில எங்கே போடக்கூடாதோ அங்கே விதி தெளிவா இருக்கு, நாலு மாட வீதி. 2022 ஜூன்ல கல்யாணம் ஆன மறுநாள் போன நயன்தாரா, விக்னேஷ் சிவன் ஜோடி செருப்போட மாட வீதியில நடந்துட்டு, அவர் வருத்தம் தெரிவிச்சுக் கடிதம் எழுத வேண்டியதாச்சே, ஞாபகம் இருக்கும். படியிலயும் போட வேணாம். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வச்சுக் கும்பிட்டு ஏறறாங்க, அதை மிதிக்க யாருக்கு மனசு வரும்? ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினதா சொல்ற மலை. ஆனா பங்காருபாளையம் நெடுஞ்சாலைக்கு அப்படி எந்த விதியும் கிடையாது.

இன்னொண்ணு. அலிபிரியில ஏறறதுக்கு முன்னாடி பாதால மண்டபத்துல என்ன பண்றோம்? சுவாமியோட பாதுகையைத் தலையில வச்சுக்கிட்டு சுத்தி வர்றோம். தோல் தைக்கிற குடும்பங்கள் பெருமாளுக்குன்னு பெரிய செருப்பு தைச்சுக் கொண்டுவந்து வைக்கிறது பழைய வழக்கம். ராத்திரி அவர் மலை இறங்கி அலமேலுமங்கையைப் பார்க்கத் திருச்சானூர் போய் வர்றதால அது தேயுதுன்னு நம்பிக்கை. ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் பாதுகை மேல மட்டும் வேதாந்த தேசிகர் 1,008 சுலோகம் பாடியிருக்கார். கும்பிடப் போற தெய்வமே செருப்பு போட்டுத்தான் ராத்திரி நடக்குதுன்னு நம்பற நாம, 110 கிலோமீட்டர் தார் ரோட்டுல செருப்பு போடறது பாவம்னு சொன்னா எப்படிங்க?

அதனால வேண்டுதலைக் கைவிட வேணாம், இடத்தை மாத்திக்குங்க. வெறுங்காலை படிக்குன்னு வச்சுக்குங்க. காலணியைப் பையில கட்டி, நடந்து ஏறறவங்க மூட்டையை மேலே சேர்க்கிற தேவஸ்தான கவுண்டர்ல போட்டுடுங்க. கொப்புளம் இல்லாத காலோட போனாத்தான் முழங்கால் முறிச்சான் படியில மனசு கோவிந்தா நாமத்துல நிக்கும். இல்லேன்னா குதிகால்லதான் நிக்கும்.

இந்த வாரம் ஊருக்கு ஃபோன் பண்ணும்போது ஒரு வேலை சொல்லுங்க. சாயந்திரம், ஒரு நாள் நடந்து முடிச்ச பிறகு, அம்மா அப்பா ரெண்டு பேரும் ஒரு பேப்பர் மேல நின்னு ரெண்டு பாதத்தையும் பென்சிலால வரையட்டும். படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, கூடவே அகலத்தையும் நீளத்தையும் ஸ்கேல் வச்சு அளந்து எழுதச் சொல்லுங்க. அப்படியே உள்ளங்காலையும் ஒரு படம். அதைப் பார்த்துட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.