இன்னொரு ஜாக்கைத் தெரியுமா?

'டைட்டானிக்' படத்துல வர்ற ஜாக்கை உங்களுக்கு நல்லாவே தெரியும். அதே கப்பல்ல நிஜமாவே இருந்த இன்னொரு ஜாக்கைத் தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்?

பேரு ஜாக் ஃபிலிப்ஸ். வயசு 25. கப்பலோட சீனியர் ஒயர்லெஸ் ஆபரேட்டர். அவரோட ஜூனியர் ஹெரால்டு பிரைடுக்கு 22. கிட்டத்தட்ட உங்க செட்டுதான்!

1912 ஏப்ரல் 12 ராத்திரி ஒயர்லெஸ் மெஷின் மக்கர் பண்ணிடுச்சு. 'கரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்'னு ரெண்டு பேரும் இழுத்துப் போர்த்தித் தூங்கலை. விடிய விடிய உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடிச்சு சரி பண்ணினாங்க. 14-ம் தேதி ராத்திரி கப்பல் பனிப்பாறையில மோதிச்சு. அந்த மெஷின் அனுப்பின அபாய அழைப்பைக் கேட்டுத்தான் 'கார்பேதியா' கப்பல் விரைஞ்சு வந்தது. 700 பேருக்கு மேல உயிர் பிழைச்சாங்க. ஆனா ஃபிலிப்ஸ் பிழைக்கலை.

இன்னிக்குக் கப்பல்கள்ல சாட்டிலைட் வரைக்கும் வந்தாச்சு. ஒரு பட்டனை அமுக்கினா கப்பலோட அடையாள எண், இருக்கிற இடம் எல்லாம் கரைக்குப் போயிடும். ஆனா அந்த பட்டன் வேலை செய்யணுமே? அதுக்குத்தான் தினமும் ஒரு ரொட்டீன். ரேடியோவோட செல்ஃப் டெஸ்ட் ஓட்டணும், பேட்டரி வோல்டேஜ் பார்க்கணும். வாரம் ஒரு தடவை கரையில உள்ள ரேடியோ நிலையத்துக்கு டெஸ்ட் கால் போடணும். மாசம் ஒரு தடவை ஆன்டெனா, பேட்டரி கனெக்‌ஷன் எல்லாம் செக் பண்ணணும். உப்புக் காத்து சும்மா விடாது. இன்சுலேட்டர்ல உப்பு படியும், கனெக்டர் அரிச்சுப் போகும். கப்பல் மூழ்கினா தானா கழன்று மிதந்து சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்புற 'இபெர்ப்' கருவியையும் டெஸ்ட் பண்ணணும். அதோட பேட்டரி எக்ஸ்பயரி தேதியையும் மறக்காம பார்க்கணும். எல்லாத்தையும் லாக் புக்ல எழுதணும்.

செம போர்தான், இல்லையா? வருஷக்கணக்கா ஒரு அபாய அழைப்புகூடப் போயிருக்காது. அப்போதான் மனசு சொல்லும்: 'நேத்து ஓகே, இன்னிக்கும் ஓகேதான். எழுதிட்டுப் போ!' லேப்ல எக்ஸ்பெரிமென்ட்டே பண்ணாம, பக்கத்து சீட்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுறோமே... அதே டெக்னிக்!

லேப்ல மாட்டினா மார்க்தான் போகும். நடுக்கடல்ல அந்தப் பொய் 'ஓகே' எப்போ மாட்டும் தெரியுமா? கப்பலுக்குள்ள தண்ணி ஏறும்போது. யாரும் பார்க்காத நேரத்துல நிஜமா எடுத்த ஒரு ரீடிங்குக்கு அப்பத்தான் மதிப்பு தெரியும் பாஸ்!